தொட்டியில் கைவிட்டுப் பார்க்கும் நேரம்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு நாற்பத்தாறு வயது. அஸ்தம்பட்டியில் வீடு. பொங்கல் இப்போதுதான் போனது போலிருக்கிறது, அதற்குள் தீபாவளிச் சீட்டு முடிந்துவிட்டது. பள்ளிக்கூட நாளில் ஒரு முழுப் பரீட்சை லீவு எவ்வளவு நீளமாக இருந்தது! மாதம் ஒரு ஞாயிறு ஏற்காடு போய்வருகிறேன். அங்கே காப்பி எஸ்டேட்டுகளைப் பார்த்தால் காலமே நின்றுவிட்டது போலிருக்கிறது. ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவும் முடியவே மாட்டேன் என்கிறது. இறங்கும்போது கண்மூடித் திறப்பதற்குள் அடிவாரம் வந்துவிடுகிறது. வயது கூடக்கூட ஒரு வருடம் ஆயுளில் சின்னப் பங்காகிவிடுவதுதான் காரணம் என்று படித்தேன். சரியா? காலத்தை மெதுவாக்கப் பயிற்சி ஏதும் உண்டா?

– ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள தம்பி,

அந்தப் பங்குக் கணக்கு 1877-ல் பால் ஜானே என்ற பிரெஞ்சுக்காரர் போட்டது. பத்து வயதில் ஒரு வருடம் என்றால் பத்தில் ஒன்று, ஐம்பது வயதில் ஐம்பதில் ஒன்று. 1890-ல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் அதை எடுத்துப் பேசினார். நடப்பதை அது ஏறக்குறையச் சொல்கிறது, ஏன் என்று விளக்கவில்லை என்றார். அதை அப்படியே விட்டுவிடலாம். வளைவுக் கதையும் பெரிய விஷயமில்லை. ஏறும்போது எண்ணுகிறீர்கள், இறங்கும்போது எண்ணுவதில்லை.

நமக்குக் காலத்தை அளக்க இரண்டு படிகள் உண்டு. கழிந்துகொண்டிருக்கும்போது ஒன்று, கழிந்தபின் திரும்பிப் பார்க்கும்போது வேறொன்று. வராத பஸ்ஸுக்காக நின்ற முக்கால் மணி அப்போது யுகமாக இருக்கும். அடுத்த வாரம் அது நினைவில் ஒரு துணுக்குகூட இருக்காது. மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் 1962 ஜூலை 16-ல் கடிகாரம் இல்லாமல் ஒரு குகைக்குள் இறங்கினார். செப்டம்பர் 14-ல் வெளியே அழைத்தபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. இருபத்தைந்து நாள் காணாமல் போயிருந்தது. நொடிக்கு ஒன்றாக நூற்றிருபது வரை எண்ணச் சொன்னால் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். ஒரு நாளை இன்னொரு நாளிலிருந்து பிரிக்க அந்த இருட்டில் எதுவும் இல்லை. உங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நடுவிலும் அதே இருட்டுதான், தம்பி. சொல்ல வருத்தமாக இருக்கிறது. மாதம் ஒரு தரம் அதே ஏரி, அதே படகு, அதே பகோடா பாயிண்ட் என்றால் பன்னிரண்டு பயணமும் நினைவில் ஒன்றாகத்தான் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் 'காலமே நின்றுவிட்டது' என்று எழுதினீர்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. சேர்வராயன் மலையில் அந்தக் காப்பிச் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டா இதைச் சொல்வது? காலம் தவறினால் வருடமே தவறிப்போகும் இடம் அது.

பனிக்காலம் முழுக்க மொட்டு தண்ணீரில்லாமல் உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குலம், அதாவது 25 மி.மீ. அளவுக்காவது மழை வேண்டும். பெய்த எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். அரை மழை பெய்தால் மொட்டு இளஞ்சிவப்பாகி, விரியாமல் அப்படியே நின்றுவிடும். அதில் காய் பிடிக்காது. பூத்த அன்றைக்கே மழை கொட்டினாலும் மகரந்தம் கரைந்து போகும். இரண்டு மூன்று நாளில் பூ பழுப்பாகிவிடும். அதன்பின் இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். அங்கிருந்து அராபிகா பழுக்க எட்டு, ஒன்பது மாதம். பழுப்பதும் ஒரே நாளில் இல்லை. சிவந்ததை மட்டும் பறித்துவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே செடிக்கு மறுபடி வர வேண்டும். நீங்கள் கார் கண்ணாடி வழியாக அமைதி என்று பார்த்தீர்களே, அதற்குள் கூடையை இடுப்பில் கட்டிய பெண்கள், சாயங்கால எடைக்குள் எத்தனை செடி முடியும் என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

பறித்த அன்றே பல்பர் இயந்திரத்தில் போட்டுத் தோலை எடுத்தாக வேண்டும். பிறகு கொட்டை வழவழவென்ற பிசினோடு தொட்டியில் கிடக்கும். அராபிகாவுக்கு இருபத்து நான்கு முதல் முப்பத்தாறு மணி நேரம் என்று சொல்வார்கள். ஆனால் அலாரம் வைத்து எடுக்கிற வேலை இல்லை அது. டிசம்பர்க் குளிரில் நேரம் இழுக்கும், வெயில் அடித்தால் சுருங்கும். தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் தேய்க்க வேண்டும். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. சரளைக்கல் மாதிரி சரசரவென்று உரசினால் ஆயிற்று, உடனே கழுவிவிட வேண்டும். முன்னாலேயே எடுத்தால் ஒட்டியிருக்கும் பிசின் ஈரத்தை இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். தூங்கிப்போய் விட்டுவிட்டால் புளித்த நாற்றம் கொட்டைக்குள் இறங்கிவிடும். அப்படி நாறும் சில கொட்டைகள் கலந்தாலே போதும், அந்த டிகாக்‌ஷனை வாயில் வைக்க முடியாது. பிறகு களத்தில் ஏழு முதல் பத்து நாள் காய வேண்டும். பகலில் பலகையால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், பனி இறங்குமுன் குவித்து மூட வேண்டும்.

தொட்டியில் கைவிடுகிறவருக்கு அந்த முப்பது மணி நேரம் சும்மா கழிவதில்லை. ஒவ்வொரு தரம் தேய்க்கும்போதும் கையில் வேறு மாதிரி இருக்கும். பூ, பின்மழை, மழைக்கு முன் நிழல் மரத்தில் கிளை கழிப்பது, முதல் பறிப்பு, கடைசிப் பறிப்பு என்று வருடம் முழுக்க முடிச்சுகள் விழுந்திருக்கும். அதைக் காலம் நின்ற இடம் என்கிறோம்!

பயிற்சி கேட்டிருந்தீர்கள். அடுத்த ஞாயிறு போக வேண்டாம். மார்ச்சிலோ ஏப்ரலிலோ மலையில் நல்ல மழை பெய்த தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். ஒன்பதாம் நாள் புதன்கிழமையாக இருந்தாலும் லீவு போட்டுவிட்டு ஏறுங்கள். ஞாயிறு வரை பூ நிற்காது. தோட்டத்து ஆட்களிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய், ஒரு செடியை நன்றாக அடையாளம் பார்த்துவிட்டு வாருங்கள். டிசம்பரில் பழம் எடுக்கும்போது அதே செடிக்குத்தான் போக வேண்டும்.

அன்புடன்,
அக்கா