ஏற்றத்தில் மினுங்கும் ஒயில் விளக்கு: வாகனக் கேள்வி பதில்

கேள்வி: நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் டீசல் லொறி என்னுடையது. திரும்பி வரும்போது இறம்பொடை ஏற்றத்தின் வளைவுகளில் சிவப்பு ஒயில் விளக்கு ஓரிரு விநாடி மினுங்கி அணைகிறது. சமதரையில் மினுங்குவதே இல்லை. ஒயில் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் கராஜ்காரர். மாற்றலாமா?
— வாசகர், நானுஓயா

பதில்: பம்பைத் தொடும் முன், ஒயில் அளவு காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். சமதரையில் மினுங்காதது, ஏற்றத்தில் அதுவும் வளைவில் மட்டும் மினுங்குகிறது என்றால் முதல் சந்தேகம் ஒயில் குறைவின் மேல்தான்.

எஞ்சினுக்கு அடியில் உள்ள சம்ப்பில்தான் ஒயில் தேங்கி நிற்கும். வாயில் வலை வைத்த ஒரு குழாய் வழியாகப் பம்ப் அதை உறிஞ்சுகிறது. பில்டரில் வடிந்த ஒயில் பிளொக்கில் துளைத்த பாதைகளால், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் சாஃப்ட்டின் பெயாரிங்குகளுக்குப் போகிறது. கிராங்கின் உள்துளைகள் வழியே கனெக்டிங் ரொட் பெயாரிங்குகளுக்கும், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் சாஃப்ட்டுக்கும் போய், தானாகவே வழிந்து சம்ப்புக்குத் திரும்புகிறது. சுழலும் கிராங்க் தனக்கு அடியில் ஒயிலை இழுத்துக்கொண்டு, சில மைக்ரோன் தடிப்புள்ள படலத்தின் மேல் மிதக்கிறது. இரும்பு பெயாரிங்கில் உரசாமல் இருப்பதே அந்தப் படலத்தால்தான்.

ஏற்றத்தில் ஒயில் சம்ப்பின் பின்பக்கம் சாயும், வளைவில் பக்கவாட்டில் ஒதுங்கும். அளவு குறைந்திருந்தால் குழாயின் வாய் வெளியே தெரிந்து, பம்ப் காற்றை உறிஞ்சிவிடும். அந்த விளக்கு காட்டுவது அழுத்தத்தை. எவ்வளவு ஒயில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பல வண்டிகளில் அழுத்தம் அரை பாருக்கும் கீழே இறங்கிய பிறகுதான் அது எரியும். ஆகவே ‘கொஞ்சம்தானே மினுங்குது’ என்று ஓட்டாதீர்கள். சுமையோடு அப்படிச் சில நாள் ஓடினாலே பெயாரிங் தேய்ந்துவிடும்.

அளவு பார்க்கச் சமதரை வேண்டும். மலைநாட்டில் அதைத் தேடுவதே ஒரு வேலைதான். எரிபொருள் நிலையத்தின் தரை போதும். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டு, ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். மேல் கோட்டுக்குக் கீழே இருந்தால் 250 மில்லிலீற்றராக ஊற்றி ஊற்றிப் பாருங்கள். கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கிராங்க் அடித்து ஒயில் நுரைக்கும், பம்புக்கு மறுபடியும் காற்றுதான் கிடைக்கும்.

அளவு சரியாக இருந்தும் மினுங்கினால், விளக்கை எரியவைக்கும் ஒயில் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தம் காட்டும் கேஜ் பூட்டி, எஞ்சின் நன்றாகச் சூடானபின் அளக்கச் சொல்லுங்கள். 1,000 ஆர்.பி.எம்.முக்கு (நிமிடச் சுற்றுக்கு) 10 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்பது கராஜ்களில் சொல்லும் உத்தேசக் கணக்கு. உங்கள் எஞ்சினின் கையேடு சொல்வதே முடிவு. கேஜ் நன்றாகக் காட்டினால் பழுது சுவிட்சிலோ வயரிலோதான். குறைவாகக் காட்டினால் சம்ப்பைக் கழற்றி வலையில் கசடு அடைத்திருக்கிறதா, அழுத்தம் கூடினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு அழுக்கில் திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒயிலில் டீசல் மணம் அடித்தால் அது நீர்த்திருக்கிறது என்று அர்த்தம்; அதனாலும் அழுத்தம் குறையும். பெயாரிங் தேய்ந்திருந்தாலும் அழுத்தம் நிற்காது; புதுப் பம்ப் பூட்டியும் பயனிருக்காது.

கேள்வி: ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறம் பால் தேநீர் நிறத்தில் நுரை பிடித்திருக்கிறது. பெட்ரோல் கார். பாடசாலைக்கும் டவுனுக்கும் மட்டும்தான் ஓடுகிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டதா?
— வாசகி, பண்டாரவளை

பதில்: அநேகமாக இல்லை. ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சின் பிளொக்குக்கும் அதன் மேல் பகுதிக்கும் நடுவில் ஒயிலும் தண்ணீரும் கலக்காமல் அடைக்கும் தகடு. குளிரில் குறுகிய தூரம் ஓடும் காரில் ஒயில் சரியாகச் சூடாவதில்லை. எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்த மூடியில் படிந்து ஒயிலோடு கலந்துவிடுகிறது. மூடியைத் துடைத்துவிட்டு, வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது நிற்காமல் ஓட்டுங்கள். நீர் ஆவியாகிப் போய்விடும். டிப் ஸ்டிக்கிலும் அதே பால் நிறம் தெரிந்தாலோ, ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போனாலோ, எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நின்றாலோ கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். அப்போது காரை ஓட்டாதீர்கள்.

கேள்வி: நான்கு ஸ்ட்ரோக் ஓட்டோவுக்கு விலை கூடிய கார் ஒயில் ஊற்றினேன். இப்போது ஏற்றத்தில் எஞ்சின் இரைகிறது, வண்டி இழுக்கவில்லை.
— வாசகர், ஹட்டன்

பதில்: உங்கள் ஓட்டோவின் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஒயிலிலேயே நனைந்து ஓடுபவை. கார் ஒயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்ந்திருக்கும். காருக்கு அது நல்லது. இங்கே கிளட்ச் வழுக்கும். முதலில் கிளட்ச் கேபிளில் வேண்டிய சிறு தளர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு (இறுகியிருந்தாலும் வழுக்கும்), ஒயிலைச் சூட்டோடு முழுதாக வடித்து, கையேட்டில் உள்ள கிரேடில், டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ (ஒயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற தரக் குறி) என்று அச்சிட்ட ஒயிலை ஊற்றுங்கள். உள்ளே தங்கிய பழையது போக, சில நூறு கிலோமீற்றரில் மறுபடி மாற்றுவது நல்லது. அதன் பிறகும் வழுக்கினால் தட்டுகள் தேய்ந்தோ கண்ணாடிபோல் பளபளத்தோ போயிருக்கலாம். தட்டுகளை மாற்றும்போது ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.