அம்மா மருத்துவமனைக்கு வர மறுக்கிறார்: கட்டித் தூக்கிச் செல்லலாமா?

கேள்வி: உசிலம்பட்டி அருகே தனியாக வசிக்கும் 61 வயதான என் அம்மா, பக்கத்து வீட்டார் சோற்றில் விஷம் வைப்பதாக எட்டு மாதங்களாகச் சொல்லி வருகிறார். மருத்துவர் என்றாலே கதவைச் சாத்திக்கொள்கிறார். மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலக்கலாமா? 35,000 ரூபாய் கொடுத்தால் இரவோடு இரவாகத் தூக்கிச் சென்று 'ஹோமில்' சேர்ப்பதாக ஒருவர் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். சோற்றில் விஷம் இருப்பதாக நம்புகிறவருக்கு நீங்களே சோற்றில் மருந்தைக் கலந்து, அதை அவர் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால், அவருடைய சந்தேகத்துக்குச் சாட்சியாகவே ஆகிவிடுவீர்கள். அதன்பின் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்.

முதலில் அம்மாவை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள். மதுரை பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். முடியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல ஆலோசனை) இலவச எண்ணில் பேசலாம். அவர் எத்தனை மணி நேரம் உறங்குகிறார், எதைச் சாப்பிடுகிறார், எடை குறைந்திருக்கிறதா என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். விஷம் இல்லை என்று அம்மாவிடம் வாதாட வேண்டாம். உறக்கமில்லை, உடம்பு அசதியாக இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொள்ளும் தொல்லைகளுக்கு மருத்துவம் பார்க்கலாம் என்று, அவர் நம்பும் ஒருவர், உங்கள் சித்தியோ தாய்மாமாவோ, அழைத்தால் வர வாய்ப்புண்டு. கோயிலுக்குப் போகிறோம் என்று ஏமாற்றி மருத்துவமனை வாசலில் இறக்காதீர்கள்.

அப்படியும் வராமல், நாள்கணக்கில் சாப்பிடாமல் உடலுக்கு ஆபத்து நேரும் நிலையிலோ, தம்மையோ பிறரையோ தாக்க முற்படும் நிலையிலோ, 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வழி தருகிறது. அம்மா வேறு யாரையும் பிரதிநிதியாக நியமிக்காதிருந்தால், உறவினர் என்ற முறையில் நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்து அவசியம் என்று கண்டால் 30 நாள்கள் வரை உள்நோயாளியாக வைத்துச் சிகிச்சை தரலாம். ஆனால், பரிசோதனைக்கு அவரை யார் கொண்டுவருவது? ஆம்புலன்ஸ்காரர் போலீஸ் வரட்டும் என்பார், போலீஸ் டாக்டர் கடிதம் கேட்கும், டாக்டரோ நோயாளியைப் பார்க்காமல் எழுத முடியாது என்பார். இந்தச் சுற்றில் களைத்துப்போன குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது. தரகர்கள் பிழைப்பதும் இந்த இடைவெளியில்தான்.

அந்தத் தரகரிடம், மாநில மனநல ஆணையத்தில் அந்த 'ஹோம்' பெற்ற பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும். குடிநோயாளிகளுக்கான மறுவாழ்வு மையம் என்ற பலகைக்குப் பின்னால் மனநோயாளிகளை அடைத்து வைப்பவர்களும், மாதக்கட்டணம் வாங்கிக்கொண்டு பெற்ற பிள்ளையைக்கூடப் பார்க்க விடாதவர்களும் இருக்கிறார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பியோட முடியாமல் தீயில் சிக்கி, 28 பேர் இறந்தது நம் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான். சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் முற்றாகத் தடை செய்திருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. அம்மா திடீரென ஓரிரு நாள்களில் ஆளே மாறி, பகல் இரவு தெரியாமல், உங்களையே அடையாளம் தெரியாமல் பிதற்றினால், அதைப் பழைய நோய் முற்றியதாக எண்ணி வீட்டில் காத்திருக்காதீர்கள். சிறுநீர்த்தொற்று, உடலில் உப்புக் குறைவு, சர்க்கரை ஏற்ற இறக்கம் எதுவானாலும் இந்த வயதில் இப்படித் தோன்றும். அப்போது மனநல மருத்துவரைத் தேடி நேரத்தைக் கடத்தாமல், 108ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கே நேராகக் கொண்டுசெல்லுங்கள்.