அறிவியல் புனைகதைகளில் இரு ஆண்களுக்கிடையே மெல்லக் கனியும் காதல் உங்களை ஏன் ஈர்க்கிறது?

விண்கலமும் வேற்றுக்கோளும் உள்ள கதையில் காதல் இவ்வளவு மெதுவாக நகர்ந்தால் சலிப்பூட்டாதா என்றும், இத்தகைய கதையை எப்படி எழுதுவது என்றும் கேள்வி கேட்டவர் சேர்த்துக் கேட்டிருக்கிறார். சலிப்பூட்டுவதும் உண்டு. நான் தன்பாலீர்ப்புடைய ஆண். இருபது ஆண்டுகளாக அறிவியல் புனைகதைகளை வாசிப்பவன். நடுநடுவே எழுதிப் பார்த்துப் பாதியில் விட்டுவிடுபவன். வாசகர்கள் 'ஸ்லோ பர்ன்' என்று அழைக்கும் இவ்வகைக் கதைகள் தேறுவதும் தேறாததும், என் அனுபவத்தில், ஒரே கேள்வியைப் பொறுத்தது: இந்த இருவரும் ஏன் இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை?

நாம் வாழும் உலகில் நடக்கும் கதை என்றால் இதற்கு விடை தேட வேண்டியதே இல்லை. வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ, வேலை போய்விடுமோ, எதிரில் இருப்பவன் முகம் சுளித்து விலகிவிடுவானோ என்ற அச்சமே போதும். அந்த அச்சத்தை நான் நன்கறிவேன் என்பதால், அதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறதே தவிர வியப்பு எதுவும் உண்டாவதில்லை. அறிவியல் புனைகதையோ அந்த அச்சத்தை ஒரே வரியில் நீக்கிவிடலாம். இரு ஆண்கள் மணந்துகொள்வதை அந்த உலகில் எவரும் ஒரு செய்தியாகவே கருதுவதில்லை என்று சொல்லிவிட்டால் போதும். அப்படி நீக்கிய பிறகும் ஒருவன் மற்றவனிடம் மனம் திறக்க முந்நூறு பக்கங்கள் எடுத்துக்கொள்கிறான் என்றால், அதற்கான காரணத்தை எழுத்தாளர் புதிதாகக் கண்டுபிடித்தாக வேண்டும். என் ஆர்வம் தொடங்குவது அங்கேதான்.

சில காரணங்களை இயற்பியலே இலவசமாகத் தருகிறது. பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு செய்தி சென்றடைய, கோள்களின் நிலையைப் பொறுத்து, ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். 20 நிமிடத் தொலைவில் இருப்பவனிடம் "உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது" என்று சொன்னவன் விடைக்காக 40 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். சொன்னதற்காக வருந்துவதற்கும், அதை வேடிக்கைப் பேச்சாக மாற்றும் இரண்டாவது செய்தியை அனுப்புவதற்கும், அந்த இரண்டாவது செய்திக்காக மீண்டும் வருந்துவதற்கும் அந்த நேரம் தாராளமாகப் போதும். இன்னும் தொலைவுக்குப் போனால் வயதே குறுக்கிடுகிறது. ஒளியின் வேகத்தில் 80 சதவீத வேகத்தில் பயணம் செய்பவனுக்கு 3 ஆண்டுகள் கழியும்போது, புறப்பட்ட விண்வெளி நிலையத்திலேயே இருப்பவனுக்கு 5 ஆண்டுகள் கழிந்திருக்கும். பயணி தன்னைவிட இளையவனாக நிலையத்தில் விட்டுவந்தவன், நான்கைந்து பயணங்களுக்குப் பிறகு மூத்தவனாக எதிரில் வந்து நிற்பான். இங்கே தாமதத்துக்கு யாரும் குற்றவாளி இல்லை. பிரிந்திருப்பவர்கள் ஆற்றியிருப்பதையும் இரங்குவதையும் தனித்தனித் திணைகளாகவே வகுத்த மொழியில் வளர்ந்த எனக்கு இது புதிய சுவையாகத் தோன்றவில்லை. இடைப்பட்ட வெளி மட்டுமே பெரிதாகியிருக்கிறது.

ஆயினும் நான் அடிக்கடி திரும்பிச் செல்லும் நூலில் இத்தகைய தொலைவு எதுவும் இருவருக்கும் இடையில் இல்லை. உர்சுலா கே. லெ குவின் 1969இல் வெளியிட்ட 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலில், ஜென்லி ஐ என்னும் தூதன் கடுங்குளிர் நிறைந்த கெதன் கோளுக்கு வருகிறான். அங்குள்ள மனிதர்களுக்கு நிலையான பால் இல்லை. மாதத்தில் சில நாட்கள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுகிறார்கள். அவனுக்கு உதவ முயலும் எஸ்ட்ராவெனை நாவலின் பாதி வரை அவன் நம்புவதே இல்லை. பிறகு இருவரும் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு ஏறத்தாழ 80 நாட்கள் பனிப்பாளத்தின் மீது நடக்கிறார்கள். ஒரே கூடாரம், அளந்து உண்ணும் உணவு, வெளியே ஓயாத காற்று. எஸ்ட்ராவெனுக்கு அந்த மாறும் பருவம் வந்தபோது இருவரும் அதை வெளிப்படையாகப் பேசிவிட்டு, ஒருவரையொருவர் தொடாமலே இருந்துவிடுகிறார்கள். அதன் பின்னர் ஜென்லி அவனுக்கு மனத்தால் பேசக் கற்றுத்தருகிறான். எஸ்ட்ராவெனின் மனத்தில் ஒலிப்பதோ, அவன் முன்பு நேசித்து இழந்த சகோதரனின் குரல். தொடுகையைக் காட்டிலும் நெருக்கமான, தொடுகையைக் காட்டிலும் வலி மிகுந்த ஒன்றை அந்த இடத்தில் வைக்கத் துணிந்தவரை எண்ணி இன்றும் வியக்கிறேன். இதைத் தன்பால் காதல் கதை என்று சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானதே. கெதன் மக்களைத் தேவையின்றி எதிர்பால் உறவுக்குள் அடைத்துவிட்டதாக லெ குவினே பின்னாளில் ஒப்புக்கொண்டார். எனினும் நாவல் முழுவதும் எஸ்ட்ராவெனை 'அவன்' என்றே அழைக்கும் ஜென்லி, இறுதியில் அவன்மீது கொள்ளும் அன்புக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு முன்பே, 1953இல், தியோடர் ஸ்டர்ஜன் 'தி வேர்ல்ட் வெல் லாஸ்ட்' என்ற சிறுகதையை எழுதிவிட்டார். இருவர் மட்டுமே செல்லும் கலத்தில் ஒருவன் மற்றவனை வாய் திறவாமல் நேசிக்கிறான். அதை மெல்லக் கனியும் காதல் என்று சொல்ல முடியாது. கனியவே இடமில்லாத காதல். அக்கதையின் மௌனத்துக்குக் காரணம் அக்கால அச்சமே என்பதால், பின்னர் வந்தவர்கள் எவ்வளவு தூரம் கடந்திருக்கிறார்கள் என்பதை அளக்க அது எனக்கு உதவுகிறது.

அண்மைக்காலக் கதைகளில் எவரினா மேக்ஸ்வெல்லின் 'விண்டர்ஸ் ஆர்பிட்' (2021) பலருக்கும் பிடித்தது. ஓர் உடன்படிக்கையைக் காப்பாற்றுவதற்காக இளவரசன் கீம், தன் உறவினனின் கணவனாக இருந்து துணையை இழந்த ஜைனனை அவசரமாக மணக்கிறான். திருமணம் முதல் பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. காதல்தான் தாமதமாக வருகிறது. தன்னை மற்றவன் வேண்டா வெறுப்பாக ஏற்றிருக்கிறான் என்று இருவருமே நினைக்கிறார்கள். ஒருமுறை உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடுமே என்று தொடக்கத்தில் நான் எரிச்சலடைந்தேன். ஆனால் ஜைனனின் முந்தைய மணவாழ்க்கை எத்தகையது என்பது துளித்துளியாகத் தெரியவரும்போது, பேசுவதே ஆபத்து என்று கற்றுக்கொண்டவன் அவன் என்பது புரிகிறது. அரசியல் சூழ்ச்சிப் பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை; அதை வேகமாகப் புரட்டிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பல எழுத்தாளர்கள் தவறவிடுவது அன்றாடத்தை. விண்கலம் என்றவுடன் வெடிப்பும் துரத்தலும் வந்துவிடுகின்றன. ஆபத்தில் கைபற்றிக்கொள்வது எளிது. மாஸ்கோவில் 2010, 2011ஆம் ஆண்டுகளில் ஆறு ஆண்கள், செவ்வாய்ப் பயணத்தை ஒத்த அடைபட்ட கலத்தில், 520 நாட்கள் இருந்தார்கள். அந்தச் சோதனையில் அவர்களுள் சிலரின் உறக்க ஒழுங்கு குலைந்துபோனது. ஒருவருடைய உறக்கச் சுழற்சி ஏனையோருடையதிலிருந்து விலகி நகர்ந்தது. இதைப் படித்த நாளில் எனக்குத் தோன்றியது ஒரு காதல் கதை. உறங்கும் நேரம் விலகிப்போன ஒருவன் தனியே விழித்திருக்கிறான். இன்னொருவன் காரணம் எதுவும் சொல்லாமல் தன் பணிமுறையை ஒவ்வொரு வாரமும் சற்று மாற்றிக்கொண்டு அவனுக்கு அருகில் வருகிறான். மற்றவன் அதைக் கவனிக்க இரண்டு மாதங்கள் ஆகின்றன. இங்கே ஒரு வெடிப்புகூடத் தேவையில்லை.

எழுதும் விதத்தையும் கேட்டிருப்பதால் என் தோல்வியையும் சொல்கிறேன். நான் எழுதிய முதல் வடிவத்தில், பூமியைச் சுற்றும் நிலையத்தில் ஒருவன், செவ்வாயில் ஒருவன். செவ்வாயில் இருப்பவனுக்கு வேறு காதலன் இருப்பதாக நிலையத்தில் இருப்பவன் தவறாக எண்ணி ஐம்பது பக்கங்கள் மறுகினான். படித்த நண்பர், ஓரத்தில், "ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் கதை முடிந்துவிடுமே?" என்று எழுதித் திருப்பித் தந்தார். அந்த ஐம்பது பக்கங்களையும் நீக்கிவிட்டேன். இப்போதைய வடிவத்தில் இருவரும் விடைக்குக் காத்திராமல் பேசப் பழகுகிறார்கள். மற்றவன் என்ன கேட்பான் என்று ஊகித்து முன்கூட்டியே பதில் அனுப்புகிறார்கள், பெரும்பாலும் ஊகம் பிழைத்துவிடுகிறது. ஒருநாள் ஒருவன் கேட்கத் துணிந்த கேள்வியும், அதற்கு மற்றவன் கேட்கப்படாமலே அனுப்பிய விடையும் நடுவழியில் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. அந்தக் காட்சி இப்போது 61ஆம் பக்கத்தில் இருக்கிறது. சற்று முந்திவிட்டதோ என்று தோன்றுகிறது.