பாதியில நின்னா தப்பில்ல

கேள்வி: அக்கா, என் பொண்ணுக்கு 7 வயசு, போன மாசம்தான் நீச்சல் டீம்ல சேர்த்தோம். பாதி தூரத்துல நின்னுடுறா, போட்டின்னாலே அழறா. நிறுத்திடட்டுமா?
- ஒரு அம்மா, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: நிறுத்திடாதீங்க தங்கச்சி, ஒரு மாசம்லாம் ஒண்ணுமே இல்ல. 25 மீட்டர்ங்கறது அந்த உசரத்துக்கு எவ்ளோ தூரம்னு நீங்களே ஒருதடவை தண்ணிக்குள்ள இறங்கிப் பாருங்க. ஃப்ரீஸ்டைல்ல, அதாவது எப்படி வேணா நீந்தலாம்ங்கற போட்டியில, நடுவுல தரையில கால் ஊனி நின்னா டிஸ்குவாலிஃபை பண்ண மாட்டாங்க, நடக்கக்கூடாது, பாதையைப் பிரிக்கற கயித்தைப் புடிச்சு இழுக்கக்கூடாது, அவ்ளோதான், இதை அவகிட்ட சொல்லுங்க, பாதி பயம் போயிடும். பேக்ஸ்ட்ரோக்ல, அதான் மல்லாந்து நீந்துறதுல, சுவத்துக்கு 5 மீட்டர் முன்னாடி மேல கொடி கட்டியிருப்பாங்க, அதைப் பாத்ததும் எத்தனை கை போட்டா சுவரு வரும்னு எண்ணிப் பழகட்டும், தலை இடிக்காது. எங்க ஊர் கிணத்துல சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிட்டப்போ நானும் படிக்கட்டை விடாம அழுதவதான், எங்கப்பா திட்டல, பக்கத்துலயே மிதந்துட்டு இருந்தாரு. நீச்சல் கண்ணாடி முகத்துல சரியா ஒட்டுதான்னு பாருங்க, தண்ணி உள்ள போனாலே குழந்தை நின்னுடும். முடிஞ்சு வந்ததும் டைம் எவ்ளோன்னு கேக்காதீங்க, துண்டைப் போத்தி சூடா ஏதாவது குடுங்க.