மீற்றரிலிருந்து மெயின் சுவிச்சுக்கு ஓர் அங்குலக் குழாய் போதுமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் புதிதாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மதிலில் வைக்கப்போகும் மீற்றரிலிருந்து வீட்டுக்குள் உள்ள மெயின் சுவிச்சுக்கு வரும் வயருக்கு எந்த அளவுக் கொண்டியூட் குழாய் போட வேண்டும்? வயறிங் செய்பவர் ஓர் அங்குலம் தாராளம் என்கிறார். கனடாவில் இருக்கும் மாமா இரண்டு அங்குலத்துக்குக் குறையவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். சிங்கிள் பேஸ் இணைப்பே போதும், இனிமேலும் கூட்டப் போவதில்லை என்று உறுதியாக இருந்தால் 32 மில்லிமீற்றர் குழாய் போடுங்கள். பின்னாளில் த்ரீ பேஸ் எடுக்கும் எண்ணம் சிறிதேனும் இருந்தால் 50 மில்லிமீற்றர் போடுங்கள். ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீற்றர், மெயின் வயருக்கு வேண்டாம். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படித்துவிட்டு இந்த மண்ணிலேயே வயறிங் தொழில் செய்து தலை நரைத்தவன் என்ற முறையில், இதற்கான காரணங்களையும் எழுதுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

உங்கள் மாமா சொல்லும் அளவு சரி; ஆனால் அவர் மனத்தில் இருப்பது அந்த நாட்டு வீடு. அங்கே வீட்டுக்கு வருவது 120/240 வோல்ற், 100 அல்லது 200 அம்பியர் இணைப்பு. இங்கே 230 வோல்ற். பெரும்பாலான வீடுகளுக்கு 30 அம்பியர். அங்கே இரண்டு அங்குலக் குழாய் என்றால் ஏறக்குறைய உள்விட்டமே இரண்டு அங்குலம். நம் கடைகளில் கிடைக்கும் கொண்டியூட்டுக்குச் சொல்லும் அளவோ வெளிவிட்டம். 25 என்று வாங்கும் குழாயின் உள்ளே 21 மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். 32க்கு ஏறக்குறைய 28, 40க்கு 35, 50க்கு 45. தடித்த வகைக் குழாயில் இன்னும் சற்றுக் குறையும். ஆகவே கனடாக் கணக்கை இங்கே அப்படியே கொண்டுவரவும் கூடாது, கொழுப்பு என்று தள்ளிவிடவும் கூடாது.

கணக்கு எளியது. குழாயின் உள் இடத்தில் 40 வீதத்துக்கு மேல் வயர் நிரம்பக் கூடாது என்பது எங்கள் தொழிலில் நெடுங்காலமாக இருந்துவரும் அளவுகோல். எஞ்சிய இடம் வெப்பம் வெளியேறுவதற்கும், வயர் உராயாமல் வழுக்கிச் செல்வதற்கும். ஒவ்வொரு வயரின் வெளிவிட்டத்தையும் தன்னால் பெருக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் குழாயின் உள்விட்டத்தைத் தன்னால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் வீதம் கிடைத்துவிடும். மெயினுக்கு நான் போடுவது 7/1.70 (1.70 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏழு இழைகள்) எனப்படும் 16 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், இரட்டை உறையுடன். அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 10.5 மில்லிமீற்றர். ஒற்றை உறையுள்ள ஏர்த் வயர் ஏறக்குறைய 7.5. பேஸ் ஒன்று, நியூட்றல் ஒன்று, ஏர்த் ஒன்று என்று மூன்றையும் 25 குழாய்க்குள் விட்டால் 63 வீதம் நிரம்புகிறது. 32 குழாயில் அது 35 வீதம். த்ரீ பேஸுக்கு நான்கு வயரும் ஏர்த்தும் என்றால் 32 குழாயில் மறுபடியும் 63. 40 குழாயில் 40ஐச் சற்றுத் தாண்டி எல்லையில் நிற்கும். 50 குழாயில் 25க்கும் குறைவு. உங்கள் கடையில் வாங்கும் வயரின் தடிப்பு சற்று வேறுபடலாம் என்பதால், வயர்த் துண்டொன்றை வாங்கி, வேனியர் இடுக்கிமானியால் அளந்து, நீங்களே ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

இந்த இடத்தில் சிலர், "16 எதற்கு, 30 அம்பியருக்கு 6 சதுர மில்லிமீற்றர் போதுமே" என்று வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். நாம் பின்பற்றும் பிரித்தானிய வயறிங் விதிகளான பி.எஸ். 7671 இன் அட்டவணைப்படி, சுவரோடு செல்லும் குழாய்க்குள் 6 சதுர மில்லிமீற்றர் வயர் 41 அம்பியர் தாங்கும். அது 30 பாகை வெப்பத்துக்கான கணக்கு. நண்பகல் வெயில் நேரே விழும் நம் சுவரில் 40 பாகை என்று வைத்தால் 0.87 ஆல் பெருக்க வேண்டும். 36 அம்பியர்தான் மிஞ்சும். அதையும் போதும் என்று சொல்லலாம், மறுக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து வளவுகளில் கேற்றுக்கும் வீட்டுக்கும் இடையே நல்ல தூரம் உண்டு. மீற்றர் மதிலில் இருந்து 30 மீற்றர் தூரம் வந்தால், 30 அம்பியர் ஓடும்போது 6 வயரில் ஆறரை வோல்ற் வழியிலேயே போய்விடும். 16 வயரில் இரண்டரை வோல்ற்தான் போகும். மாலையில் ஊர் முழுவதும் வோல்ற்றளவு இறங்கும் நேரத்தில் கிணற்று மோட்டர் முக்கி முனகித் தொடங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த நான்கு வோல்ற்றின் அருமை புரியும்.

வீதக் கணக்கு சரியாக வந்தாலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரே தடிப்புள்ள மூன்று வயர்கள் செல்லும் குழாயின் உள்விட்டம், ஒரு வயரின் தடிப்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தால், வளைவில் மூன்றும் பக்கம் பக்கமாகப் படுத்து ஆப்புப்போல இறுகிவிடும். செலவைக் குறைக்க ஒற்றை உறை வயர் மூன்றை 25 குழாய்க்குள் விடுபவர்களுக்கு நேர்வது இதுதான்: கணக்கில் 38 வீதம், வேலையில் வயர் அசையாது. அசையாத வயரை இரண்டு பேர் சேர்ந்து இழுப்பார்கள், உறை கிழியும்.

மெயின் வயரின் உறை கிழிந்தால் என்ன ஆகும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டில் ட்ரிப் சுவிச் இருக்கிறது, கசிவு வந்தால் விழுந்துவிடும் என்று நம்புகிறார்கள். ட்ரிப் சுவிச் தனக்குப் பின்னால் உள்ள வயரைத்தான் காக்கும். மீற்றரிலிருந்து அது இருக்கும் இடம் வரை வரும் வயர் அதன் காவலுக்கு வெளியே நிற்கிறது. அந்தப் பகுதியில் மின் கசிந்தால் அறிந்து துண்டிப்பதற்கு வீட்டில் எதுவும் இல்லை. வீட்டின் மற்றெந்தக் குழாயைவிடவும் இந்தக் குழாயில் நான் கண்டிப்பாக இருப்பது இதனால்தான்.

கோண்டாவிலில் என் சகலனின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டைக் கொந்திராத்துக்குக் கொடுத்துக் கட்டி முடித்து, குடிபுகுந்து, சில காலம் கழித்து மேல்மாடி எடுத்தார்கள். குளிரூட்டி பூட்டவும் த்ரீ பேஸ் எடுக்கவும் வேண்டியிருந்ததால் என்னை அழைத்தார்கள். பழைய வயரைக் கழற்றி, அதன் நுனியிலேயே புதிய வயரைக் கட்டி இழுத்துவிடலாம் என்பது அவர்களின் எண்ணம். பழைய வயர் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. மின்சாரத்தைத் துண்டித்து, இரு முனையையும் கழற்றி, வயர் உறையின் காப்பை அளக்கும் கருவியான மெகரை வைத்துப் பார்த்தேன். 500 வோல்ற்றில் ஆகக் குறைந்தது ஒரு மெகா ஓமாவது காட்ட வேண்டிய இடத்தில், பேஸுக்கும் ஏர்த்துக்கும் இடையே அதில் பாதிகூட இல்லை. சுவரை உடைக்க வேண்டும் என்றேன். "தம்பி, லைற் எல்லாம் வடிவாய் எரியுது, பேந்து என்னத்துக்குச் சுவரை உடைக்கிறது?" என்று அவர் கேட்டார். உறவுக்குள் இப்படிப்பட்ட பேச்சு எவ்வளவு சங்கடம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

படிக்கட்டுப் பக்கச் சுவரைத் திறந்தபோது 25 குழாய் ஒன்று தூணைச் சுற்றி வந்திருந்தது. வளைக்கும் ஸ்பிரிங்கைப் பயன்படுத்தி அகலமாக வளைப்பதற்குப் பதிலாக, தண்ணீர்க் குழாய்க்குப் போடுவதுபோன்ற எல்போக்களை மூன்று இடத்தில் ஒட்டியிருந்தார்கள். நடுவில், திறந்து வயரை இழுக்க உதவும் ஓர் இழுவைப் பெட்டிகூட இல்லை. இரண்டாவது எல்போவை அறுத்துப் பார்த்தால், காங்கிறீற் போட்டபோது இடுக்கு வழியாக உள்ளே இறங்கிய சீமெந்துப் பால் கல்லாகி, உள்மூலையில் ஒரு பல்லைப்போல நின்றது. அதன்மேல் உரசிய இடத்தில் பேஸ் வயரின் கறுப்பு மேலுறை விரல் நீளத்துக்கு உரிந்து, உள்ளே இருந்த சிவப்பு உறையும் தேய்ந்து, செம்பு ஊசிமுனை அளவுக்குத் தெரிந்தது. பக்கத்தில் ஏர்த் வயர் அதை ஒட்டிக்கொண்டு கிடந்தது. சகலன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்கவில்லை. 50 குழாயைப் பின்சுவர் வழியாக வெளியே சாடில் (குழாயைச் சுவரோடு பிடிக்கும் பட்டி) அடித்துக் கொண்டுவந்தோம். உடைத்த இடத்தில் இருந்த மாபிளுக்கு அதே நிறம் கடையில் கிடைக்காமல், அக்கா இன்றைக்கும் அதைப் பார்த்து மனம் வருந்துகிறா.

அந்தக் குழாயைப் போட்டவரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். நம்மிடையே வயறிங் கூலி பொயின்ற் கணக்கில் பேசப்படுகிறது. லைற் ஒரு பொயின்ற், பிளக் ஒரு பொயின்ற், மின்விசிறி ஒரு பொயின்ற். மீற்றரிலிருந்து மெயின் சுவிச்சுக்கு வரும் பாதையில் பொயின்ற் எதுவும் இல்லை. ஆகவே வீட்டிலேயே மிக ஆபத்தான வயருக்கு எவருக்கும் தனியாகக் காசு கிடைப்பதில்லை. கேற்றுக்கும் மாபிளுக்கும் இலட்சக்கணக்கில் கொடுப்பவர்கள், 25க்கும் 50க்கும் இடையிலான குழாய் விலையைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். மேசன் தூண் நிரப்பி, சுவர் எழுப்பி, பூச்சுக்கு நாள் வைத்த பிறகுதான் எங்களை அழைக்கிறார்கள். பிறகு ஏதேனும் நடந்தால் "வயறிங்காரன் பிழை" என்று ஊர் சொல்லும். தயவுசெய்து மெயின் பாதைக்கென்று தனியே கூலி பேசுங்கள். அப்போதுதான் நல்ல வேலையைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு வரும்.

பொறியியல் படித்தவர்கள் சிலர், 50 குழாயைச் சுவரில் புதைப்பது சுவரைப் பலவீனப்படுத்தும் என்று எழுதக்கூடும். அவர்கள் சொல்வது உண்மை. நிலைக்குத்தாக வெட்டும் காடி, சுவரின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு. நான்கு அங்குலச் சீமெந்துக் கல் சுவரில் 50 குழாய்க்கு இடமே இல்லை. ஆறு அங்குலக் கல்லில்கூட மட்டுமட்டுத்தான். அதற்காகக் குழாயைச் சிறிதாக்காதீர்கள், பாதையை மாற்றுங்கள். வீட்டின் பின்புறமாகவோ பக்கவாட்டிலோ சாடில் அடித்துச் செல்லும் குழாய் கண்ணுக்கு அழகில்லை என்பார்கள். உள்ளே புதைந்து உரசுவதைவிட, வெளியே தெரிந்து பாதுகாப்பாக இருப்பதை நான் விரும்புகிறேன். மெயின் சுவிச்சையே வெளிச்சுவரை ஒட்டிய இடத்தில் வைத்துவிட்டால் வளைவுகளும் குறையும். இரண்டு செங்கோண வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் இழுவைப் பெட்டி கட்டாயம் வேண்டும்.

மதிலுக்கும் வீட்டுக்கும் இடையே நிலத்தடியில் கொண்டுவருவதாக இருந்தால் சாதாரண வயரை நம்ப வேண்டாம். இரும்புக் கவசமுள்ள ஆமர்ட் கேபிளை 50 குழாய்க்குள் விடுங்கள். நான்கு கோர் (உள்ளே நான்கு வயர் கொண்ட) 16 சதுர மில்லிமீற்றர் கேபிள் ஏறக்குறைய 23 மில்லிமீற்றர் தடிப்புத்தான், இலகுவாகப் போகும். வலிகாமப் பக்கத்தில் பல இடங்களில் செம்மண்ணை ஓரிரு அடி தோண்டியதுமே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். அதை உடைக்கும் கூலி மறுபடி ஒருமுறை கொடுக்கத் தக்கதல்ல. ஆகவே தோண்டும்போதே பக்கத்தில் இன்னொரு வெறும் குழாயையும் போட்டு மூடுங்கள். நாளைக்குக் கூரையில் சூரியப் படலம் பூட்டினால் அது உதவும். குழாய் வீட்டுப் பக்கம் உயர்ந்தும் மதில் பக்கம் தாழ்ந்தும் இருக்கட்டும். மார்கழி மழையில் குழாய்க்குள் இறங்கும் தண்ணீர் மெயின் சுவிச்சை நோக்கி வரக் கூடாது.

உங்கள் வயறிங்காரரோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவர் போட எண்ணியிருக்கும் மெயின் வயரில் ஒவ்வொரு துண்டு வாங்கி, ஓர் அங்குலக் குழாயை அளவாக ஒருமுறை வளைத்து, அவர் கையாலேயே அதற்குள் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காங்கிறீற் போடுவதற்கு முன் குழாயின் இரு வாயையும் மூடி இறுகக் கட்டுங்கள். உள்ளே துத்தநாகம் பூசிய இழுவைக் கம்பி ஒன்றையும் விட்டு வையுங்கள். வயர் இழுக்கும்போது கிறீஸோ தேங்காய் எண்ணெயோ பூச விடாதீர்கள், அவை உறையைக் கெடுக்கும். வெறும் பவுடர் போதும். இழுத்து முடித்த அன்றே, மெயின் சுவிச்சில் பூட்டுவதற்கு முன்பாக, மெகர் வைத்துக் காட்டச் சொல்லி, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்குங்கள்.