ஊரடங்கு காலத்துக் குழுக்கடன்: கேள்விகளும் பதில்களும்

வணக்கம். கிராமத்து வங்கிக் கிளையில் இருபது வருடம் மகளிர் குழுக் கணக்குகளைப் பார்த்தவள் நான். கொரோனா நாட்களில் வாங்கிய, கட்டிய, கட்ட முடியாமல் போன சிறுகடன்கள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி (தையல் தொழில், நத்தம்): அக்கா, 2020-ல் ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். அப்போது 40,000 ரூபாய் பாக்கி, 20 தவணை இருந்தது. ஊரடங்கு முடிந்து பார்த்தால் 23 தவணை என்றார்கள். என்னை ஏமாற்றிவிட்டார்களா? இன்னும் மனசு ஆறவில்லை.

பதில்: ஏமாற்றியதாகத் தெரியவில்லை. ஆனால் உங்களிடம் யாரும் விளக்கிச் சொல்லவில்லை, அதுதான் தப்பு. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று அறிவித்தது ஒத்திவைப்பு. முதலில் மே வரை, பிறகு ஆகஸ்ட் 31 வரை. தள்ளிப் போனது தவணை மட்டும்தான், வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றரைப் பக்க ஆங்கிலக் கடிதத்தில் இது இருந்தது. ஊரில் போய்ச் சேர்ந்ததோ, "ஆறு மாசம் கட்ட வேணாமாம்" என்ற ஒரு வரிதான்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 24 சதவிகிதம் என்றால் 40,000-க்கு மாத வட்டி 800 ரூபாய். ஆறு மாதத்துக்கு 4,800. இது அசலில் சேர்ந்தால் பாக்கி 44,800. மாதம் 2,500 கட்டும் உங்களுக்கு மூன்று தவணை கூடத்தான் செய்யும்.

ஒரு சின்னத் தொகை மட்டும் திரும்பி வந்திருக்க வேண்டும். வட்டிக்கு வட்டி போட்டிருந்தால் அந்த ஆறு மாதத்துக்கு 5,046 ஆகியிருக்கும். அந்த 246 ரூபாய் வித்தியாசத்தை அரசே ஏற்கும் என்று 2020 அக்டோபரில் திட்டம் வந்தது. 2 கோடி வரையிலான கடன்களுக்கு, அந்தப் பிப்ரவரி இறுதியில் வாராக்கடன் ஆகாமல் இருந்தால், நவம்பர் 5-க்குள் கணக்கில் வரவு வைக்கச் சொன்னார்கள். பழைய பாஸ்புக் இருந்தால் அந்தத் தேதியை ஒட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதிதான் கொடுத்தது, கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் ஒரே தெருவில் ஒருத்திக்குத் தவணை நின்றது, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஜூன் மாதமே வசூலுக்கு ஆள் வந்தது.

கேள்வி (முதுகலை மாணவி, மதுரை): மேடம், நெருக்கடியில் கிராமப் பெண் தொழில்முனைவோரைச் சிறுகடன் காப்பாற்றியது என்று படிக்கிறேன். உண்மையா?

பதில்: பாதி உண்மை. எந்தக் கடன், எப்போது கிடைத்தது, எப்படித் திருப்பிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் அறிவிப்புகள். 2020 மார்ச் 26 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், சுய உதவிக் குழுக்களுக்குப் பிணையில்லாக் கடன் வரம்பை 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்த்துவதாகச் சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் இட்லிக் கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அன்று வேண்டியது 20 லட்சமா? 3,000 ரூபாய் வேண்டும், அதுவும் நாளைக்கே வேண்டும். கேரளாவில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பு வழியாக 2,000 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் என்று அறிவித்தார்கள். ஆளுக்கு 5,000 முதல் 20,000 வரை. அளவு என்று பார்த்தால் அதுதான் கிராமத்துத் தேவைக்கு நெருங்கி வந்தது. தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு நடந்த ஊரகப் புத்தாக்கத் திட்டத்தில் அந்த மே மாதம் சுமார் 300 கோடி ரூபாய் சிறப்பு நிதி அறிவித்தார்கள். ஏற்கெனவே தொழில் செய்பவர்களும், வேலை போய் ஊர் திரும்பியவர்களும் எழுந்து நிற்க உதவும் நிதி அது.

இவையெல்லாம் கைக்கு வருமுன் பல குழுக்களைத் தாங்கியது அவர்களுடைய சொந்தச் சேமிப்புதான். நான் பார்த்த ஒரு குழுவில் 12 பேர். ஏப்ரல் முதல் வாரம் கூட்டம் போட முடியவில்லை. தலைவி ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சம்மதம் கேட்டார், குழுக் கணக்கிலிருந்து ஆளுக்கு 2,000 ரூபாய் உள்கடன் என்று முடிவு செய்தார்கள். வட்டி வேண்டாம், எப்போது கடை திறக்கிறாயோ அப்போது கட்டு. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து ஜூலையில்தான் விழுந்தது. தணிக்கைக்கு வந்தவர் முகம் சுளித்தார். எனக்கு அது தப்பாகவே படவில்லை.

அப்புறம் முகக்கவசம். நாடு முழுக்கக் குழுப் பெண்கள் தைத்துக் குவித்தார்கள். வீட்டில் ஏற்கெனவே இருந்த மெஷினில் தைத்தவர்களுக்கு அந்த மூன்று நான்கு மாதம் வரும்படி. அந்த வேகத்தில் கடன் வாங்கி இரண்டாவது மெஷின் போட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். ஆர்டர் நின்றுபோனது, தவணை நிற்கவில்லை. நீங்கள் ஆய்வு எழுதுவதாக இருந்தால் இந்த இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கேள்வி (ஆடு வளர்ப்பு, வேடசந்தூர்): வாரக்கடன் வாங்கி நாலு ஆடு வாங்கலாமா அக்கா?

பதில்: வேண்டாம்மா. ஆடு வாரா வாரம் காசு தராது. பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும்தான் நல்ல விலை. முதல் வாரத் தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள்? கூலிக்குப் போய்த்தானே? ஊரடங்கில் கூலியும் போய், சந்தையும் மூடியபோது வாரக்கடனில் ஆடு வாங்கியவர்கள் அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள். பால் மாடு வேறு கதை. சொசைட்டியில் பத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை பணம் வருவதால் மாதத் தவணை தாங்கும். ஆட்டுக்குக் குழு மூலமாக வங்கிக் கடன் கேளுங்கள். தகுதியுள்ள குழுவுக்கு 3 லட்சம் வரை 7 சதவிகித வட்டியில் கிடைக்கும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மகளிர் திட்டப் பணியாளர்கள் இருப்பார்கள், அங்கே கேட்டால் வழி சொல்வார்கள்.

கேள்வி (பெட்டிக்கடை, ஊர் குறிப்பிடவில்லை): வசூலுக்கு வருபவர் காலை ஏழு மணிக்கே வாசலில் நின்று கத்துகிறார். கணவருக்கு உடம்பு சரியில்லை, இரண்டு தவணைதான் பாக்கி.

பதில்: ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி நுண்கடனுக்கு, அதாவது இந்த மாதிரிப் பிணையில்லாச் சிறுகடனுக்கு, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்து தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டுவது, கெட்ட வார்த்தை பேசுவது, உறவினரையோ கூட வேலை செய்பவரையோ இழுப்பது எதுவும் கூடாது. வசூலுக்கு இருவரும் பேசி வைத்த ஓர் இடம்தான். நீங்கள் அங்கே தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். தாமதக் கட்டணமும் தவறிய தொகைக்கு மட்டுமே, முழுக் கடனுக்கும் இல்லை.

கடன் கொடுத்தபோது அவர்கள் தந்த கடன் அட்டையில் புகார் அதிகாரியின் எண் இருக்கும். அவருக்கு எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448. கூடவே, கணவரின் மருத்துவச் சீட்டைக் காட்டித் தவணையை மாற்றி அமைக்கக் கேளுங்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

கேள்வி (குழுத் தலைவி, தேனி மாவட்டம்): எங்கள் உறுப்பினர் ஒருவர் 2021-ல் கொரோனாவில் இறந்துவிட்டார். அவர் பாக்கியை நாங்கள் பத்துப் பேர் பங்கு போட்டுக் கட்டினோம். அது சரிதானா?

பதில்: வருத்தமாக இருக்கிறது. மனசுக்குச் சரி, ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயம் பார்த்திருக்க வேண்டும். கடன் கொடுக்கும்போதே காப்பீட்டுக்கு என்று பிடித்தார்களா? பிடித்திருந்தால் பாக்கியை அதில்தான் கழிக்க வேண்டும். இரண்டாவது, அவருடைய வங்கி பாஸ்புக்கில் 330 ரூபாய் பிடித்தம் இருந்ததா? அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. கொரோனா மரணத்துக்கும் 2 லட்சம் உண்டு. இப்போது பிரீமியம் 436. எதற்குப் பிடித்தார்கள் என்றே தெரியாமல் பாஸ்புக்கைப் பெட்டியில் வைத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. நாளாகிவிட்டாலும் கிளையில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): தேர்தல் வந்தால் தள்ளுபடி வருமே, கட்டாமல் இருக்கலாமா?

பதில்: 2021-ல் தமிழ்நாட்டில் குழுக்கடனில் தள்ளுபடி ஆனது கூட்டுறவு வங்கிகளில் 31.3.2021 அன்று நிலுவையில் இருந்தது மட்டும்தான். மற்ற வங்கிக் கடனும் கம்பெனிக் கடனும் அதில் வரவில்லை. உங்கள் கடன் எதில்? யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பூ வியாபாரம், நிலக்கோட்டை): வட்டி 12 சதம்தான் என்கிறார்கள், 10,000 ரூபாய்க்கு மாதம் 933 கட்டச் சொல்கிறார்கள், ஒரு வருடம். மலிவுதானே அக்கா?

பதில்: இது பிளாட் வட்டி. மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ கடைசி மாதம் வரை முழுப் பத்தாயிரத்துக்கும் போடுகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் 21 சதத்துக்கு மேல் வரும். பூவில் உங்களுக்குத் தினமும் காசு புரளும், கட்டிவிடலாம். ஆனால் ஆடி மாதமும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள், அந்த இரண்டு தவணைக்கு இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். கையெழுத்துப் போடுமுன் "குறையும் அசலுக்கு வட்டி எவ்வளவு?" என்று கேளுங்கள். கடன் அட்டையில் அதைக் குறித்துத் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு.