நிதியியல் முதல் தாள்: கேளுங்கள், சொல்கிறேன்

பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவர்களுக்கு நிதியியல் நடத்துகிறேன். தேர்வு நெருங்கிவிட்டது என்று பலரும் கேட்டுக்கொண்டதால் இன்று மாலை முழுக்க இங்கே இருப்பேன். பணத்தின் கால மதிப்பு, பாண்டு (கடன் பத்திரம்), திட்ட மதிப்பீடு, ரிஸ்க், மூலதனச் செலவு (பணம் போட்டவர்கள் எதிர்பார்க்கும் வருவாய் வீதம்) என்று எதில் வேண்டுமானாலும் கேளுங்கள். எந்தப் பங்கை வாங்கலாம் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

கணக்குன்னா பயம்: மேடம், பள்ளிக்கூடத்துல கணக்கை ஒருவழியா முடிச்சு வெளியே வந்தவ நான். இங்கே ஃபார்முலா தாளே ரெண்டு பக்கம் இருக்கு. எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?

பதில்: வேண்டாம். அந்த இரண்டு பக்கத்திலும் இருப்பது ஒரே விஷயம்தான். வெவ்வேறு தேதிகளில் வரும் பணத்தை அப்படியே கூட்டக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே தேதிக்கு நகர்த்திவிட்டுத்தான் கூட்ட வேண்டும். வட்டி 10% என்றால் ஒரு வருடம் முன்னோக்கி நகர்த்த 1.10 ஆல் பெருக்குங்கள், ஒரு வருடம் பின்னோக்கி இழுக்க 1.10 ஆல் வகுங்கள். மூன்று வருடம் என்றால் இதையே மூன்று முறை செய்யுங்கள். ஆன்யூட்டி (குறிப்பிட்ட காலம் வரை ஒவ்வொரு ஆண்டும் வரும் சமத் தொகை), பெர்பெச்சுட்டி (அதுவே முடிவில்லாமல் வருவது) ஃபார்முலா எல்லாம் இந்த வகுத்தலைப் பலமுறை செய்யாமல் தப்பிக்கும் குறுக்கு வழிகள், அவ்வளவே. பள்ளியில் படித்த பெருக்குத் தொடரின் கூட்டுத்தொகைதான் அவற்றுக்கு அடிப்படை.

எந்தக் கணக்காக இருந்தாலும் முதலில் ஒரு கோடு போடுங்கள். 0, 1, 2, 3 என்று ஆண்டுகளைக் குறியுங்கள். எந்த ஆண்டில் பணம் வருகிறது, எந்த ஆண்டில் போகிறது என்று கோட்டின் கீழே எழுதுங்கள். அதற்கு முன் கால்குலேட்டரைத் தொடாதீர்கள். இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன்.

ராத்திரிப் படிப்பு: நாலாவது வருஷத்துல இருந்து ஆண்டுக்கு 100 முடிவில்லாம வரும், வட்டி 10%. நான் 1000-ஐ 1.10-இன் நான்காம் அடுக்கால வகுத்தேன், 683.01 வந்தது. விடை 751.31-னு போட்டிருக்கு. புத்தகத்துல தப்பா?

பதில்: புத்தகம் சரி. 100-ஐ 0.10 ஆல் வகுத்தால் 1000 வருகிறது. இந்த 1000 எந்தத் தேதியில் நிற்கிறது? முதல் பணம் வருவதற்கு ஒரு வருடம் முன்பு. முதல் பணம் 4-ஆம் ஆண்டில் என்றால் 1000 நிற்பது 3-ஆம் ஆண்டில். ஆகவே மூன்று வருடம்தான் பின்னுக்கு இழுக்க வேண்டும்: 1000-ஐ 1.331 ஆல் வகுத்தால் 751.31. சாதாரண ஆன்யூட்டி ஃபார்முலாவும் இதே மாதிரி ஒரு வருடம் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்தும். முதல் தாளில் மதிப்பெண் அதிகம் போவது இந்த இடத்தில்தான். கோடு போட்டிருந்தால் 1000-ஐ எங்கே எழுதுவது என்று கை தானாக நின்று யோசித்திருக்கும்.

வட்டிக்கு வட்டி: ஆண்டுக்கு 12%, மாதாமாதம் கூட்டு வட்டின்னா மாதத்துக்கு 1%தானே? சில கணக்குல 0.95% வருதே?

பதில்: இரண்டும் சரி, கேள்வி வேறு. ‘12%, மாதக் கூட்டு’ என்றால் மாதம் 1%, வருட முடிவில் உண்மையில் கிடைப்பது 12.68%. ‘ஆண்டின் பயனுறு வட்டி 12%’ என்றால் 1.12-க்குப் பன்னிரண்டாம் மூலம் எடுக்க வேண்டும், மாதம் சுமார் 0.949%. மாதத் தவணைக்கு மாத வட்டி, ஆண்டுத் தவணைக்கு ஆண்டு வட்டி. காலமும் வட்டியும் பொருந்தாமல் ஒரு எண்ணையும் எழுதாதீர்கள்.

பொத்தான் தவறு: பிஏ டூ பிளஸ் கால்குலேட்டர்ல எரர் 5 வருது. கெட்டுப்போச்சா?

பதில்: இல்லை. நீங்கள் கொடுத்த எண்களுக்கு விடை கிடையாது என்கிறது. பெரும்பாலும் போன பணத்துக்கும் வந்த பணத்துக்கும் ஒரே குறி போட்டிருப்பீர்கள். ஒன்று மைனஸாக இருக்க வேண்டும். திரையில் பிஜிஎன் என்று சின்னதாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் தவணையைக் காலத்தின் தொடக்கத்தில் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கணக்குக்கும் முன் பழைய எண்களை அழித்துவிடுங்கள்.

வேகமா பணம்: மேடம், ஆயிரம் இருக்கு, எந்தப் பங்கு ஏறும்?

பதில்: முதல் பத்தியைப் படியுங்கள்.

பாண்டு புரியாதவன்: வட்டி ஏறினா பாண்டு விலை ஏன் இறங்கணும்? வட்டி ஏறினா லாபம்தானே?

பதில்: புதிதாக வாங்குபவருக்கு லாபம், ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு நட்டம். முகமதிப்பு (முதிர்வில் திரும்பக் கிடைக்கும் தொகை) 1000, ஆண்டு கூப்பன் (ஆண்டுதோறும் தரும் வட்டித் தொகை) 80, மூன்று வருடத்தில் முதிர்வு. சந்தையில் இதே ரிஸ்குக்கு இப்போது 10% கிடைக்கிறது. 80-ஐ 1.10 ஆல் வகுத்தால் 72.73. அடுத்த 80-ஐ 1.21 ஆல் வகுத்தால் 66.12. கடைசி 1080-ஐ 1.331 ஆல் வகுத்தால் 811.42. மொத்தம் ஏறத்தாழ 950.26. கூப்பன் என்பது ஒப்பந்தத்தில் எழுதிய எண், அது மாறாது. அதனால் விலைதான் இறங்கி வாங்குபவருக்கு 10% வருகிற மாதிரி சரிசெய்துகொள்கிறது. இந்த 950.26-ஐ நினைவில் வையுங்கள்.

திட்டப் பிரிவு: ஒரு நிறுவனத்தில் பத்து வருஷமாகத் திட்ட மதிப்பீடு பார்க்கிறேன். மேலிடத்தில் யாரும் என்பிவி கேட்பதில்லை, ‘ஐஆர்ஆர் எவ்வளவு’ என்றுதான் கேட்பார்கள். வகுப்பில் மட்டும் ஏன் என்பிவியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள்?

பதில்: கேட்டதற்கு மகிழ்ச்சி, இதை விரிவாகவே சொல்கிறேன். என்பிவி என்பது வரும் பணத்தையும் போகும் பணத்தையும் இன்றைய தேதிக்கு இழுத்துக் கூட்டிய நிகர மதிப்பு. அதைப் பூஜ்யமாக்கும் வட்டி வீதம்தான் ஐஆர்ஆர். ‘இவ்வளவு சதவீதம்’ என்று சொன்னால் யாருக்கும் சட்டெனப் புரியும், அதை மறுக்கவில்லை. ஒரே ஒரு திட்டம், முதலில் பணம் போய் பிறகு வருகிறது என்றால் இரண்டும் ஒரே முடிவைத்தான் சொல்லும். சிக்கல் இரண்டு இடத்தில்.

ஒன்று, அளவு. திட்டம் அ: இன்று 100 போட்டால் ஒரு வருடத்தில் 150. ஐஆர்ஆர் 50%. திட்டம் ஆ: இன்று 1000 போட்டால் 1200. ஐஆர்ஆர் 20%. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம், மூலதனச் செலவு 10%. என்பிவி பார்த்தால் அ-வுக்கு 36.36, ஆ-வுக்கு 90.91. ஐஆர்ஆரை நம்பினால் 54-க்கு மேல் கைவிட்டுப் போகிறது. ஐஆர்ஆரை விட மனமில்லை என்றால் வித்தியாசத்தைப் பாருங்கள்: கூடுதலாக 900 போட்டால் கூடுதலாக 1050 வருகிறது, 16.67%. அது 10%-ஐத் தாண்டுகிறது, எனவே ஆ.

இரண்டு, குறி பலமுறை மாறும்போது. இன்று -100, அடுத்த வருடம் +230, அதற்கடுத்த வருடம் -132. முடிவில் சுரங்கத்தை மூடிச் சீரமைக்கும் செலவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஐஆர்ஆர் 10%-உம் சரி, 20%-உம் சரி. போட்டுப் பாருங்கள், இரண்டிலும் பூஜ்யம் வரும். மேலிடத்தில் எந்த எண்ணைச் சொல்வீர்கள்? 15% மூலதனச் செலவில் என்பிவி 0.19, ஏற்கலாம். 5%-இல் -0.68, ஏற்கக் கூடாது. ‘ஐஆர்ஆர் மூலதனச் செலவைவிட அதிகம், எடுத்துக்கொள்’ என்ற விதி இங்கே நேர்மாறாகப் போகிறது.

திட்டப் பிரிவு: சரி. ஆனால் கையில் 100 மட்டும்தான் இருந்தால்? 1000-க்கு நான் எங்கே போவேன்?

பதில்: நியாயமான கேள்வி. மூலதனத்துக்கு உச்சவரம்பு இருந்தால், போட்ட ஒவ்வொரு அலகுக்கும் எவ்வளவு என்பிவி என்று பார்க்க வேண்டும். அ-வுக்கு 0.36, ஆ-வுக்கு 0.09. அங்கே அ ஜெயிக்கிறது. ஆனால் அப்போதும் நீங்கள் வகுப்பது என்பிவியைத்தான்.

முதுகலை: மேடம், முக்கியமான காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஐஆர்ஆர், இடையில் வரும் பணம் அதே ஐஆர்ஆர் வீதத்தில் மறுமுதலீடு ஆகிறது என்று அனுமானிக்கிறது. அதுதான் அதன் குறை.

பதில்: தெரிந்தேதான் விட்டேன். பல பாடநூல்களில் இருக்கிறது, நான் ஏற்கவில்லை. மேலே நினைவில் வைக்கச் சொன்ன பாண்டை எடுங்கள். அதன் ஐஆர்ஆர் 10%. 950.26 போட்டீர்கள். ஒரு வருடத்தில் 10% சேர்ந்து 1045.29. கூப்பன் 80 வெளியே போகிறது, உள்ளே 965.29. அது 10% வளர்ந்து 1061.82. மீண்டும் 80 வெளியே, உள்ளே 981.82. அது வளர்ந்து 1080. கடைசித் தொகை 1080 வெளியே போனதும் மிச்சம் பூஜ்யம். இதில் வெளியே போன 80 எங்கே போனது என்று யாராவது கேட்டார்களா? மறுமுதலீடு செய்திருக்கலாம், செலவழித்திருக்கலாம், பெட்டியில் பூட்டி வைத்திருக்கலாம். உள்ளே இருக்கும் பணம் 10% சம்பாதிக்கிறது, ஐஆர்ஆர் சொல்வது அவ்வளவுதான்.

முதுகலை: ஆனால் மூன்று வருட முடிவில் என் கையில் 950.26 × 1.331 இருக்க வேண்டுமென்றால் மறுமுதலீடு 10%-இல் நடந்தே ஆக வேண்டுமே?

பதில்: ஆமாம், அது உண்மை. ஆனால் அது வேறு கேள்வி. ‘முடிவில் மொத்தச் செல்வம் எவ்வளவு’ என்று கேட்டால் மறுமுதலீட்டு வீதம் தேவை, அதற்குத்தான் திருத்திய ஐஆர்ஆர் இருக்கிறது. ‘இந்தத் திட்டத்தின் வீதம் என்ன’ என்று கேட்டால் தேவையில்லை.

கடைசி பெஞ்ச்: எங்க சார் மறுமுதலீடுன்னுதான் நடத்தினார். தேர்வுல என்ன எழுதறது அக்கா?

பதில்: தம்பி, அளவு வேறுபாடு, பணம் வரும் கால வேறுபாடு, பல ஐஆர்ஆர் வரும் சிக்கல், இந்த மூன்றையும் எண்ணோடு எழுது. யார் திருத்தினாலும் மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். மறுமுதலீடு பற்றி உன் ஆசிரியரிடமே இந்தப் பாண்டுக் கணக்கைப் போட்டுக் காட்டிக் கேள், மரியாதையாக.

திட்டப் பிரிவு: நாளைக்கு அந்த -100, 230, -132 கணக்கை அலுவலகத்தில் காட்டப்போகிறேன்.

பதில்: காட்டுங்கள். வரைபடமாகக் காட்டினால் இன்னும் நல்லது, கோடு அச்சை இரண்டு இடத்தில் வெட்டும்.

இதற்குள் கேள்விகள் குவிந்துவிட்டன. இனிச் சுருக்கமாக.

அரைகுறை பீட்டா: ரிஸ்க் இல்லாத வட்டி 4%, சந்தை வருவாய் 9%, பீட்டா 1.2. பங்கின் எதிர்பார்க்கும் வருவாய் எனக்கு 14.8% வந்தது.

பதில்: 1.2-ஐ 9 ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். பெருக்க வேண்டியது சந்தை பிரீமியத்தை, அதாவது 9-இலிருந்து 4 போக மீதி 5. 1.2 × 5 = 6, அதோடு 4 சேர்த்தால் விடை 10%. கேள்வியில் ‘சந்தை வருவாய்’ என்றிருக்கிறதா ‘சந்தை ரிஸ்க் பிரீமியம்’ என்றிருக்கிறதா என்று அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஒரு நிறுவனத்துக்கு மட்டும் வரும் ஆபத்தைப் பல பங்குகளில் பரப்பிப் பெரும்பாலும் கரைத்துவிடலாம், அதற்குச் சந்தை கூலி தராது. பரப்பியும் கரையாததற்குத்தான் கூலி, பீட்டா அளப்பது அதை. பொருளியலாளர் மார்கோவிட்ஸ் 1952-இல் போட்ட அடித்தளத்தின் மேல் ஷார்ப் 1964-இல் கட்டியது இது. 1990-இல் இன்னொரு பொருளியலாளர் மில்லரோடு இருவரும் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சந்தேகப் பிராணி: வரி இல்லை, திவால் செலவு இல்லைன்னு மோடிகிலியானி, மில்லர்னு ரெண்டு பொருளியலாளர்கள் சொல்றாங்க. நிஜத்துல இல்லாததை ஏன் படிக்கணும்?

பதில்: எங்கே தேடுவது என்று அது சொல்வதால். 1958-இல் அவர்கள் காட்டியது, இந்தத் தடைகள் எதுவும் இல்லையென்றால் கடன் எவ்வளவு, பங்கு எவ்வளவு என்பதால் நிறுவனத்தின் மதிப்பு மாறாது என்பது. அப்படியானால் நிஜத்தில் மாறுகிறதென்றால் காரணம் அந்த நீக்கிய பட்டியலுக்குள் இருக்க வேண்டும். 1963-இல் அவர்களே வரியைத் திரும்பச் சேர்த்தார்கள். அனுமானங்களைப் பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றையும் எடுத்தால் என்ன ஆகும் என்று பக்கத்தில் எழுதுங்கள். கேள்வி வருவது அங்கிருந்துதான்.

வட்டி எங்கே: திட்டத்தின் பணவரவுல கடன் வட்டியைக் கழிக்கணுமா?

பதில்: வேண்டாம். மூலதனச் செலவுக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது, இரண்டு முறை கழித்ததாகிவிடும். தேய்மானமும் பணம் இல்லை, அது மிச்சப்படுத்தும் வரி மட்டும்தான் பணம். மூலதனச் செலவின் எடைகளுக்கு (கடன் எத்தனை சதவீதம், பங்கு எத்தனை சதவீதம் என்பதற்கு) சந்தை மதிப்பை எடுங்கள், ஏட்டு மதிப்பை அல்ல.

பற்று வரவு: ஜர்னல் என்ட்ரி ஒண்ணு சரிபாருங்களேன்?

பதில்: அது கணக்குப்பதிவியல், அந்தப் பாட ஆசிரியரிடம் கேளுங்கள்.

நாளைக்குத் தேர்வு: 6-ஆம் வருஷத்துல இருந்து பத்து தவணை வருது, எத்தனை வருஷம் பின்னால இழுக்கணும்?

பதில்: கோடு போடுங்கள். ராத்திரிப் படிப்புக்குச் சொன்னதேதான். ஐந்து.

இன்னொருவன்: முதல் தவணை 2-ஆம் வருஷத்துலன்னா?

பதில்: கோடு.

எக்செல்காரி: உங்க திட்டம் அ-வை எக்செல்ல என்பிவி ஃபங்ஷன்ல -100, 150 ரெண்டையும் உள்ளே போட்டேன். 36.36-க்குப் பதிலா 33.06 வருது. யார் தப்பு?

பதில்: எக்செல் நீங்கள் உள்ளே போடும் முதல் எண்ணையே ஒரு வருடம் தள்ளி வருவதாக எடுத்துக்கொண்டு வகுக்கிறது. உங்கள் -100 இன்று போகும் பணம். அதை ஃபங்ஷனுக்கு வெளியே வைத்துக் கூட்டுங்கள், 150 மட்டும் உள்ளே. 36.36 வந்துவிடும்.